எதிரியின் பெயர்

இரண்டு கவர்களும் ஒரே நாள் தபாலில் வந்தன. ஒன்று கடலூர்க் கல்லூரியிலிருந்து. பி.எஸ்ஸி. வேதியியல் வகுப்பில் வாசுகிக்கு இடம் கொடுத்திருந்தார்கள். மற்றது ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியிலிருந்து. அங்கேயும் இடம் கிடைத்திருந்தது. இரண்டிலும் கடைசித் தேதி ஒன்றே. வருகிற திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் நேரில் வந்து பணம் கட்ட வேண்டும். அன்றைக்கு வியாழக்கிழமை.

வாசுகி கவர்களைச் சுவர் அலமாரியில் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்த வீட்டில் இருந்த ஒன்பது கோப்பைகளில் ஒன்றுகூடப் பழுதில்லாதது இல்லை. ஒன்றுக்குக் காது கோணல். ஒன்றுக்கு விளிம்பில் சொட்டை. இன்னொன்றின் பளபளப்பு பாதி வயிற்றோடு நின்றுபோயிருந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்யும் செராமிக் எஸ்டேட்டுக்குப் பின்னால் இருக்கும் வீடுகளில் எல்லாம் அப்படித்தான். நல்ல கோப்பை மெட்ராசுக்கு ரயிலேறிவிடும். கழித்துப் போட்டது தொழிலாளி வீட்டுக்கு வரும்.

எழுபத்திரண்டாம் வருஷத்து ஆனி மாதம் அது. மேல்காற்று எஸ்டேட்டுச் சூளைகளின் புகையையும் அரவைக் கொட்டகையின் வெள்ளைத் தூசியையும் வாரிவந்து, கொடியில் காயும் துணிமேல் போட்டது. துணியை இரண்டு தடவை உதறாமல் அந்தத் தெருவில் யாரும் மடிப்பதில்லை.

கோவிந்தராசுவுக்கு அந்த அரவைக் கொட்டகையில்தான் வேலை. வெள்ளைக் கல்லை உடைத்து, மாவாக அரைத்து, சலித்து, மூட்டை பிடிக்கும் இடம். கம்பெனியின் மற்ற வேலைகளைவிட அங்கே கூலி கூட. ஏன் கூட என்று யாரும் சொல்வதில்லை, கேட்பதுமில்லை. சாயங்காலம் வேலை விட்டு வரும்போது தலையும் புருவமும் வெளுத்து, நாற்பத்தாறு வயது மனிதர் எழுபது வயதுக்காரரைப் போல வருவார். கிணற்றடியில் இரண்டு வாளி ஊற்றிக்கொண்டதும் வயது திரும்பிவிடும்.

அன்றைக்குக் கிணற்றடிக்குப் போகாமல் நேரே வாசலுக்கு வந்தார்.

"வந்துடுச்சாமே? தபால்காரர் ரோட்டுல சொன்னாரு."

"கெமிஸ்ட்ரி கெடைச்சிடுச்சிப்பா."

"எங்க, படி. இங்கிலீஷ்லயே படி."

வாசுகி படித்தாள். அவருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. முடிந்ததும், "இன்னொருவாட்டி படி" என்றார்.

அடுப்படியிலிருந்து கொளஞ்சியம்மாளின் குரல் வந்தது. "இன்னொன்னும் வந்திருக்குதுல்ல. அதையும் படிக்கச் சொல்லிக் கேக்கறது!"

கேழ்வரகுக் களியும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் அன்றைக்குச் சாப்பாடு. கோவிந்தராசுவுக்குப் பிடித்த குழம்புதான், ஆனால் அவர் கை தட்டிலேயே நின்றது. வாய் பேசிக்கொண்டிருந்தது.

"நெய்வேலியில லேப்புன்னு ஒன்னு இருக்குது. கரி எப்பிடி இருக்குது, தண்ணி எப்பிடி இருக்குதுன்னு சோதிக்கிற எடம். அங்க கெமிஸ்ட்டுன்னா கோட்ரஸ் வீடு உண்டு, ஆஸ்பத்திரி உண்டு. போன மாசம் நம்ம எஸ்டேட்டுக்கு மண்ணு டெஸ்டு பண்ண ஒரு பொம்பள வந்துச்சி. ஜீப்புல. மொதலாளி எழுந்து நின்னாரு. என்னை யாரும் நிக்கச் சொல்லல, நானாவே நின்னேன்."

"ஜீப்பு வரும், ஜீப்பு!" கொளஞ்சியம்மாள் களியை இன்னும் ஒரு உருண்டை வைத்தாள். "ரெண்டு வருஷம் ட்ரெயினிங்கு முடிச்சா டீச்சரு. வூட்டுக்குப் பக்கத்துல பள்ளிக்கூடம். ஒன்னாந்தேதி சம்பளம், வயசானா பென்சன். அத வுட்டுட்டு மூணு வருஷம் தெனம் கடலூருக்கு ரயிலேறி எறங்கணுமா? முடிச்சதும் வேல என்னா வாசல்லயா நிக்கிது?"

"ஒரு வருஷந்தானே கொளஞ்சி வித்தியாசம்."

"ஒரு வருஷம்னா லேசா?"

அவள் சொன்ன விதத்தில் அப்பாவும் மகளும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள். கொளஞ்சியம்மாள் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கோவிந்தராசு ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருமல் வந்தது. எழுந்து வாசலுக்குப் போய், நின்று, இருமி முடித்துவிட்டு வந்து, "சளி" என்றார். பங்குனியிலிருந்து அதே சளிதான்.

வாசுகிக்கு வேதியியல் மேல் ஆசை வந்ததற்குக் காரணமே அவர்தான். அவள் ஏழாவது படிக்கும்போது ஒருநாள் காகிதப் பொட்டலத்தில் ஒரு சிட்டிகை கறுப்புப் பொடி கொண்டுவந்து காட்டினார். அதைக் கரைத்து ஒரு கோப்பையில் கோடு இழுத்து, பளபளப்புப் பூசச் சொல்லி, சூளையில் வைத்து எடுத்துவந்தார். கறுப்புக் கோடு மயில் கழுத்து நீலமாகியிருந்தது. "கறுப்பு எங்கப்பா போச்சி?" என்று கேட்டாள். "அது எனக்குத் தெரியாது. படிச்சவங்களத்தான் கேக்கணும்" என்றார். அலமாரியில் இருக்கும் ஒன்பது கோப்பைகளில் காது கோணலாக இருப்பது அதுதான். பி.யூ.சி.யில் அவள் வேதியியலில் வாங்கிய மார்க்கு எஸ்டேட்டுத் தெருவுக்கே தெரியும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கம்பெனியில் கொளஞ்சியம்மாளுக்குக் கோப்பைக்குக் காது ஒட்டுகிற வேலை. அச்சிலிருந்து எடுத்த ஈரக் கோப்பையை இடது உள்ளங்கையில் வைத்து, காதின் இரண்டு முனையையும் மண்கூழில் தொட்டு, வைத்து, மெல்ல ஓர் அழுத்து. கூட அழுத்தினால் கோப்பை நசுங்கும். குறைய அழுத்தினால் சூளையில் காது விழும். பெஞ்சில் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து ஒட்டுபவள் திரௌபதி. பதினொரு வருஷமாக எதிரெதிர்.

"வாசுகிய எதுல சேக்கறீங்க?" என்றாள் திரௌபதி.

"டீச்சர் ட்ரெயினிங்கு."

"நல்லா சேத்த போ. எங்க கனகா முடிச்சி மூணு வருஷமாவுது. எம்ப்ளாய்மெண்ட் ஆபீசுக் கார்ட புதுப்பிச்சிப் புதுப்பிச்சி, கார்டே கிழிஞ்சிபோச்சி."

"டீச்சருன்னா பொண்ணு கேட்டாவது வராங்கல்ல."

"வராங்க வராங்க. வந்து ஒக்காந்து, வேல எப்ப வரும்னு கேக்கறாங்க. பொண்ணு எங்கன்னு ஒருத்தன் கேக்கல."

பெஞ்சில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். கொளஞ்சியம்மாள் சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்த கோப்பை ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. காலையிலிருந்து அது நாலாவது.

திரௌபதி குரலைத் தாழ்த்தினாள். "என்னாடி மனசுல? உங்கை இப்பிடித் தடுமாறி நான் பாத்ததில்ல."

"ஒன்னுமில்ல."

"ஒன்னுமில்லாததுக்கு நாலு கோப்ப போவாது. எங்கிட்ட சொல்ல வேணாம். மணவாளநல்லூருக்குப் போயி பிராது கட்டிட்டு வா. உன்னப் பெத்தவங்க அவரு பேரதானே உனக்கு வச்சிருக்காங்க, கேக்க மாட்டாரா?"

மணவாளநல்லூரில் இருக்கும் கொளஞ்சியப்பர் சந்நிதி அந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் கோயில் மட்டுமல்ல, கோர்ட்டும்கூட. ஆடு திருட்டுப் போனாலும், அண்ணன் தம்பி வரப்பைத் தள்ளினாலும், புருஷன் வீட்டுக்கு வராமல் போனாலும், ஒரு தாளில் வாதி யார், எதிரி யார், குறை என்ன என்று எழுதி, சாமி பாதத்தில் வைத்து, முனியப்பர் முன்னால் நிற்கும் வேலில் கட்டிவிட்டு வருவார்கள். வீட்டுக்கும் கோயிலுக்கும் எவ்வளவு தூரமோ அதற்குத் தக்கபடி கட்டணம். மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று சாமிக்குக் கெடு உண்டு. குறை தீர்ந்ததும் மறுபடி போய் ராஜினாமா எழுதிக் கட்டி வழக்கை முடித்துக்கொள்ள வேண்டும்.

கொளஞ்சியம்மாள் ஐந்தாவது கோப்பையை எடுத்தாள். அதற்குக் காது நேராக ஒட்டியது.

அன்று சாயங்காலம் அவளுடைய தம்பி பச்சமுத்து பெண்ணாடத்திலிருந்து பாதிப் பலாப்பழத்தோடு வந்து சேர்ந்தான். அங்கே சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடும் இடத்தில் அவனுக்கு வேலை. வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுக்க உட்கார்ந்தான்.

"ஏன் மாமா, பி.காம். படிக்க வைக்கக் கூடாது? பேங்கெல்லாம் கவர்மெண்டு எடுத்துகிச்சி. ஊருக்கு ஊரு பிராஞ்சு தொறக்கறான். ஃபேனுக்கு அடியில உக்காந்து வேல."

"பி.காம். ஒன்னுக்கு அவ அப்ளிகேசனே போடலயே மச்சான்."

"அப்ப கெமிஸ்ட்ரிதான். எங்க ஆலையில சாறு டெஸ்டு பண்றாரு பாரு கெமிஸ்ட்டு, சீசன்ல அவரு கையெழுத்து இல்லாம ஒரு மூட்ட சக்கர வெளிய போவாது. வெவசாயி வண்டி ரெண்டு நாளு நிக்கும், அவரு சைக்கிளு ஒரு நிமிசம் நிக்காது." ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தான். "ஆனா ஒன்னு. பி.எஸ்ஸி. படிச்ச பொண்ணுக்கு அதுக்கு மேல படிச்ச மாப்பிள்ள பாக்கணும். நம்ம சனத்துல எங்க இருக்கறான்? அதனால டீச்சருக்குப் படிச்சாலும் தப்பில்ல."

"மூணு பக்கமும் பேசிட்டீங்க மாமா" என்றாள் வாசுகி. "இன்னும் ஒரு பக்கந்தான் பாக்கி."

"எட போடறவன் பாப்பா நானு. எந்தப் பக்கம் சாஞ்சாலும் நம்ம மேலதான் பழி வரும்."

கோவிந்தராசு சிரித்தார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு பச்சமுத்து பேச்சைப் பலாக்கொட்டைப் பக்கம் திருப்பினான். கடைசி பஸ்ஸுக்கு முன்னாலேயே புறப்பட்டும் போனான்.

சனிக்கிழமை கம்பெனியில் பெண்களுக்கு அரை நாள். கோவிந்தராசுவுக்கு முழு நாள். கொளஞ்சியம்மாள் ஒரு மணிக்கு வந்து, கை கால் கழுவி, சாமி மாடத்தில் விளக்கேற்றிவிட்டு, கதவை ஒருக்களித்தாள். கடையில் வாங்கிவந்த முழுத்தாளை மகளிடம் நீட்டினாள்.

"எனக்கு ஒரு பிராது எழுதிக் குடு. வூட்டு விஷயத்த வெளியாளு கையில குடுத்து எழுத முடியாது."

வாசுகி தாளை வாங்கினாள். "யாரு மேலம்மா?"

"எழுது, சொல்றேன். பொய் எழுதக் கூடாது, தெரியும்ல? பிராதுல பொய் எழுதுனா சாமி திருப்பி அடிக்கும். மொதல்ல எம் பேரு போடு. வாதி."

எழுதினாள்.

"எதிரின்னு போடு."

"போட்டுட்டேன். யாரு?"

"நீதான்."

பேனா நின்றது. வெளியே எஸ்டேட்டுச் சங்கு ஊதி ஓய்ந்தது.

"எம் பேரா?"

"உம் பேருதான். எம் பொண்ணு ட்ரெயினிங்குல சேரணும், அவ மனச வுட்டு அந்தக் கெமிஸ்ட்ரி ஆச போவணும். அதான் குறை. எழுது."

"என் கையாலயே எழுதணுமா?"

"எனக்கு எழுதத் தெரிஞ்சிருந்தா உன்ன ஏண்டி கேக்கறேன்?"

வாசுகிக்கு ஒரு விநாடி வேறொரு யோசனை வந்துபோனது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இந்தத் தாளில் எதை எழுதினாலும் வாங்கி மடித்துக்கொண்டு போய்க் கட்டிவிடுவாள். 'எனக்குக் கெமிஸ்ட்ரி கிடைக்க வேண்டும்' என்று எழுதினால்கூட. பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஏம்மா? ஒரே ஒரு வருஷத்துக்காக ஏன் இப்பிடிப் பண்ற? நிசத்தச் சொல்லு. சொன்னாத்தான் எழுதுவேன்."

கொளஞ்சியம்மாள் எழுந்து போய் மூலையில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தாள். கல்யாணப் புடவைக்கு அடியில் கையை விட்டு, பெரிய பழுப்புக் கவர் ஒன்றை எடுத்து மகள் மடியில் போட்டாள். உள்ளே எக்ஸ்ரே படம். ஒரு சீட்டும் இருந்தது.

"பங்குனி மாசம் உனக்கு அப்ளிகேசன் வாங்கறேன்னு கடலூரு போனாருல்ல, அப்ப எடுத்தது. பொடவ வருஷத்துக்கு ஒரு தடவதானே எடுப்பேன்னு அடியில வச்சிருக்காரு. பூச்சி அரிக்குதுன்னு எடுத்துப் பாத்தேன். நர்சு ராஜாம்பா அக்காகிட்ட எடுத்துட்டுப் போயி படிக்கச் சொன்னேன். நெஞ்சு பூரா கல்லுத்தூசியாம். அந்தக் கொட்டாய இப்பவே வுட்டா ரொம்ப நாளு ஓட்டலாமாம். வுடலன்னா சொல்ல முடியாதாம்."

வாசுகி படத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அப்பாவின் விலா எலும்புகளுக்கு நடுவில் மாவு தூவியதுபோல் பொடிப்பொடியாக வெள்ளை.

"நீ கெமிஸ்ட்ரி சேந்தா மூணு வருஷம் அந்தக் கொட்டாய வுட்டு நவுர மாட்டாரு. அங்கதானே கூலி கூட. ட்ரெயினிங்குன்னா செலவு கொற. வேற எடத்துக்கு மாறிக்கிங்கன்னு நான் சொல்லலாம்."

"அத அப்பாகிட்டயே சொல்லேம்மா."

"மறைச்சி வச்சிருக்கிற மனுசங்கிட்ட எனக்குத் தெரியும்னு எப்பிடிடி சொல்றது? யாருக்கும் தெரியாதுங்கற தெம்புலதான் அவரு எழுந்து வேலைக்குப் போறாரு. அதையும் நானே ஒடைக்கறதா?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அந்த மனுசன் வேணுண்டி. வேற ஒன்னும் தெரியல. இதெல்லாம் எழுதாத. நான் மொதல்ல சொன்னத மட்டும் எழுது."

வாசுகி பேனாவை எடுத்தாள். கொளஞ்சியம்மாள் கவரைப் பெட்டிக்குள் அதே மடிப்பில் வைத்து மூடினாள். திரும்பி வந்தபோதும் மகள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

"நான் சொன்னது இவ்வளவா?"

"எழுதுனா நீளமாத்தாம்மா வரும்."

தாளை நாலாக மடித்துக் கொடுத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரச்சினை வேறு விதமாக வந்தது. கோவிந்தராசு வெள்ளை வேட்டி கட்டி, தலைவாரி, தயாராக வாசலில் நின்றார். மகள் படிப்புக்காக ஒரு பிராது எழுதிக் கட்டப் போகிறோம் என்று மட்டும்தான் கொளஞ்சியம்மாள் அவரிடம் சொல்லியிருந்தாள்.

"நீங்க எங்க?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"எம் பொண்ணு படிப்புக்குத்தானே சாமிகிட்டப் போறீங்க? நானும் வரேன்."

"வெயிலு அடிக்கப் போவுது. வூட்டுல செத்த படுங்களேன்."

"ஒரு நா லீவுல படுத்தா மறுநாளும் படுக்கச் சொல்லும். வா வா."

வேண்டாமென்று சொல்லக் காரணம் எதுவும் அவளிடம் இல்லை. எதிரில் எழுதப் படிக்கத் தெரிந்த எதிரி வேறு நின்றுகொண்டிருந்தாள். பஸ்ஸில் மூவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனார்கள். கொளஞ்சியம்மாள் முந்தானை முடிச்சில் இருந்த தாளை வழி முழுக்கப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

கோயிலில் கூட்டம் அதிகமில்லை. வேலில் பழைய பிராதுகளும் புதிய பிராதுகளுமாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கின. கட்டணம் வாங்கும் மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட வயதான எழுத்தர் உட்கார்ந்திருந்தார். இவர்களுக்கு முன்னால் மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர். கிணற்று மோட்டார் காணாமல் போனதற்குப் பிராது.

எழுத்தர் அவர் தாளை வாங்கி உரக்கப் படித்தார்.

"என்னாங்க, படிக்கிறீங்க?" என்றார் மோட்டார்காரர்.

"படிக்காம? போன வாரம் ஒருத்தரு ஊரு பேரே போடாம கட்டிட்டுப் போயிட்டாரு. சாமி எந்த ஊருல போயித் தேடும்? எல்லாத்தையும் ஒருவாட்டி பாத்துதான் வுடறது."

கொளஞ்சியம்மாள் சட்டென்று மகளைப் பார்த்தாள். வாசுகியின் முகம் வெளுத்திருந்தது. படிப்பார்கள் என்று அவளுக்கும் தெரியாது.

"நாம அப்பறம் வரலாங்க. மொதல்ல சாமியப் பாத்துட்டு" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"வந்தது வந்தாச்சி, குடுத்துட்டுப் போவோம்." கோவிந்தராசு அவள் கையிலிருந்து தாளை வாங்கி மேசையில் வைத்தார். "எங்க பொண்ணே எழுதுனதுங்க. கையெழுத்தப் பாருங்க."

எழுத்தர் தாளைப் பிரித்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"வாதி, கொளஞ்சியம்மாள், கணவர் பெயர் கோவிந்தராசு, செராமிக் எஸ்டேட் பின்புறம், விருத்தாசலம். எதிரி, வாசுகி. மேற்படியார் மகள்."

கோவிந்தராசுவின் முகத்திலிருந்த பெருமை அப்படியே நின்றது. "என்னா கொளஞ்சி இது?"

எழுத்தர் நிறுத்தவில்லை. "சாமி, என் மகள் டீச்சர் பயிற்சியில் சேர வேண்டும். கெமிஸ்ட்ரி ஆசை அவள் மனதை விட்டுப் போக வேண்டும். அது கெட்ட படிப்பு இல்லை. ஆனால் மூன்று வருஷம். என் வீட்டுக்காரர் நெஞ்சில் கல்லுத்தூசி அடைத்திருக்கிறது. எக்ஸ்ரே படத்தை என் கல்யாணப் புடவைக்கு அடியில்..."

அவர் குரல் தணிந்தது. கண்ணாடிக்கு மேலாக மூவரையும் பார்த்தார்.

"அத நான் எழுதச் சொல்லலிங்க" என்றாள் கொளஞ்சியம்மாள். மகள் பக்கம் திரும்பினாள். "அடியே, அத எழுதாதன்னுதானே சொன்னேன்?"

"பொய் எழுதக் கூடாதுன்னும் நீதாம்மா சொன்ன" என்றாள் வாசுகி. அவளும் அழுதுகொண்டிருந்தாள். "பாதிய எழுதிட்டுப் பாதிய மறைச்சா, அது வேற என்னா?"

"நிறுத்திடட்டுங்களா?" என்று எழுத்தர் கோவிந்தராசுவிடம் கேட்டார்.

"படிங்க."

"...புடவைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. மகள் படிப்புக்காக அந்தக் கொட்டகையை விட்டு வரமாட்டார். எனக்கு அவர் வேண்டும். வேறு ஒன்றும் தெரியவில்லை. இப்படிக்கு, கொளஞ்சியம்மாள்."

மோட்டார்காரர் தன் தாளை எடுத்துக்கொண்டு மெல்ல நகர்ந்துபோனார். எழுத்தர் பிராதை மடித்து, அதன்மேல் விபூதித் தட்டை வைத்தார். "அப்பிடி வேப்ப மரத்தடியில போயி செத்த உக்காந்து பேசிட்டு வாங்க. மத்தியானம் வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

மரத்தடியில் கோவிந்தராசு தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். "எப்ப பாத்த?" என்றார்.

"சித்திரையில."

"ரெண்டு மாசமாத் தெரிஞ்சிகிட்டா கருவாட்டுக் கொழம்பு வச்சிப் போட்ட?"

"வேற என்னா பண்ணச் சொல்றீங்க? அழுதா ஏன் அழுவறேன்னு கேப்பீங்க."

"டாக்டருங்க அப்பிடித்தான் சொல்வாங்க. பத்து வருஷமா அரைக்கிறேன். எனக்கு ஒன்னும்..." இருமல் வந்தது. வீட்டில் செய்வதுபோல் எழுந்து போகாமல், அங்கேயே உட்கார்ந்து இருமினார். கொளஞ்சியம்மாள் அவர் முதுகில் கை வைத்தாள். அவர் அதைத் தட்டிவிடவில்லை.

"அப்பா" என்றாள் வாசுகி. "அச்சுல மண்கூழு ஊத்துற எடத்துல தூசி இல்லல்ல?"

"அது ஈர வேல. தூசி ஏது?"

"அங்க மாத்தித் தரச் சொல்லி மேஸ்திரியக் கேளுங்க."

அவர் தயங்கினார். "அவரே கேட்டாரு. வர்றியான்னு. கூலி மூணுல ரெண்டு பங்குதான், நாந்தான் வேணாம்னேன்."

"எப்ப?" கொளஞ்சியம்மாளின் குரல் உயர்ந்தது.

"பங்குனியிலதான்."

"பங்குனியிலயா! படம் எடுத்த பெறவா? ஆனி முடியப் போவுதே. மூணு மாசமா வேணும்னே போயி அந்தத் தூசிய முழுங்கிட்டு வந்திருக்கீங்க. கல்லுதானே நெஞ்சு உங்களுக்கு. இன்னும் கொஞ்சம் கல்லு ஏறுனா என்னான்னு இருந்துட்டீங்க."

"கத்தாத. சாமி எடம்."

"சாமிக்கும் கேக்கட்டும்!"

"பின்ன என்னா பண்ணச் சொல்ற?" இப்போது அவர் குரலும் ஏறியது. "எங்கப்பன் கல்லு ஒடைச்சான், நான் கல்லு அரைச்சேன். இவ கல்லு எதுனால ஆனதுன்னு சொல்ற எடத்துல ஒக்காரணும்னு நெனச்சேன். தப்பா?"

வாசுகிதான் அதற்குப் பதில் பேசினாள்.

"நாளைக்குக் காலையில மொத சங்குக்கு நீங்க மேஸ்திரியப் பாத்து ஈர வேல கேக்கணும். அவரு சரின்னு சொன்னாத்தான் நான் கடலூரு ரயிலேறுவேன். நீங்க மறுபடி அந்தக் கொட்டாய்க்குள்ள காலு வச்சா, ரெண்டு படிப்பும் எனக்கு வேணாம். அம்மாகூட பெஞ்சில ஒக்காந்து காது ஒட்டப் போறேன்."

"மார்க்கு வாங்குன வாயி பேசுது பாரு" என்றார் கோவிந்தராசு. ஆனால் அவள் கண்ணைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. மகள் சொன்னால் செய்வாள். அது அவருடைய பிடிவாதம்தான், வேறு யாரிடமிருந்து வந்தது?

"கூலி கொறையுமே. ரயிலு பாசு, ஃபீசு, பொஸ்தகம்..."

"சாயங்காலம் தெருப் புள்ளைங்களுக்கு டியூசன் எடுக்கறேன்."

"நான் ஓவர்டைம் பாக்கறேன்" என்றாள் கொளஞ்சியம்மாள். சொன்ன பிறகுதான், தான் எதற்குச் சம்மதித்துவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. மூன்று வருஷம். அவள் விரலை ஒவ்வொன்றாக மடித்தாள். எழுபத்து மூணு, எழுபத்து நாலு, எழுபத்தஞ்சி. கடைசி விரல் மடங்கவில்லை. அதை அப்படியே விட்டு, புடவையைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

மற்ற இருவரும் வருவதற்குள் அவள் மேசைக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"ஐயா, அந்தப் பிராதுல எதிரி பேர மட்டும் அடிச்சிடுங்க."

"எதிரி இல்லாம பிராது கெடையாதும்மா. யாரு மேல விசாரிக்கறது?"

கொளஞ்சியம்மாள் யோசித்தாள்.

"தூசின்னு போடுங்க."

"தூசியா?"

"ஆமாங்க. கல்லுத்தூசி. ஊரு, அரவைக் கொட்டாயி, செராமிக் எஸ்டேட்டு."

எழுத்தருக்குச் சிரிப்பு வந்தது. அப்போது கோவிந்தராசு பக்கத்தில் வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை குளித்துவந்த பிறகும் அவருடைய புருவத்து அடிமயிரில் வெள்ளை ஒட்டியிருந்தது. எழுத்தர் சிரிக்கவில்லை. புதுத்தாள் ஒன்றை எடுத்து, பேனாவோடு வாசுகியிடம் நீட்டினார்.

"நீயே எழுதும்மா. நீதான் ஒன்னும் வுடாம எழுதுற."

வாசுகி எழுதினாள். வாதி. எதிரி. குறை என்ன என்று கேட்டபோது, "அந்தத் தூசி இவரு நெஞ்ச வுட்டுப் போவணும், போவலன்னாலும் இருக்கிற எடத்துல அசையாம இருக்கணும்" என்றாள் கொளஞ்சியம்மாள். அப்படியே எழுதப்பட்டது.

"கெடு?" என்றார் எழுத்தர். "மூணு நாளா, மூணு வாரமா, மூணு மாசமா?"

"மூணு வருஷங்க."

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்பிடி ஒரு கெடு வழக்கத்துல இல்லியேம்மா."

"படிப்பு மூணு வருஷங்களே. அது வரைக்கும் இவரு நடமாடி, அவ பட்டம் வாங்கறத நின்னு பாக்கணும். சாமி அவசரப்பட வேணாம், நெதானமாவே செய்யட்டும்."

"ஏன் கொளஞ்சி" என்றார் கோவிந்தராசு பின்னாலிருந்து. "கேக்கறதுதான் கேக்கற, மூணே வருஷந்தானா? இன்னும் கொஞ்சம் கூடக் கேட்டா என்னா?"

அவள் திரும்பவில்லை. "மொதல்ல இத முடிச்சிக் குடுக்கட்டும். அப்பறம் எம்.எஸ்ஸி.க்கு ரெண்டு வருஷம் தனியா ஒரு பிராது கட்டிக்கலாம்."

கோவிந்தராசு சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இருமல் ஓயும் வரைக்கும் எழுத்தரும் தாயும் மகளும் காத்திருந்தார்கள்.

பிறகு வாசுகி, கெடு என்பதற்கு எதிரில், மூன்று வருஷம் என்று எழுதினாள்.